வெயிலூருக்கு ஒரு போன்

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். மகளுக்கு விளையாட நல்ல போன் வேண்டும், முப்பதாயிரத்துக்குள் எது வாங்கலாம் என்றான். "உங்கள் வீடு எந்த மாடி?" என்று கேட்டேன். இரண்டு நொடி சத்தமே இல்லை. "அண்ணா, போன் வாங்கத்தான் கேட்டேன். வீடு வாங்க இல்லை" என்றான். "தெரியும். தலைக்கு மேலே மொட்டைமாடியா, இல்லை இன்னொரு குடித்தனமா?" என்று நான் விடாமல் கேட்டதும் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

முன்பெல்லாம் நான் இப்படிக் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் யார் போன் வாங்கினாலும் நிலைவாசல் வைக்க நாள் கேட்பதுபோல என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். கணிப்பொறித் துறையில் வேலை செய்கிறேன் என்பது ஒரு காரணம். கேட்டால் சலிக்காமல் ஒரு மணி நேரம் பேசுவேன் என்பது இன்னொன்று. மாமாவுக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், சித்திக்கு சார்ஜ் இரண்டு நாள் நிற்க வேண்டும்; இப்படி நான் சொல்லி வாங்கிய பத்துப் பன்னிரண்டு போன்கள் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றுதான் சறுக்கியது. அதிகம் படித்து, அதிக நாள் யோசித்து, அதிக விலை கொடுத்து வாங்க வைத்ததும் அதைத்தான்.

வேலூரில் அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். சீட்டு எடுத்த பணத்தில் 34,000 ரூபாயை என் கணக்குக்கு அனுப்பி, "பிளஸ் டூ முடித்தால் போன் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன், தம்பி. நீயே பார்த்து வாங்கிவிடு" என்றாள். மருமகன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "பிஜிஎம்ஐ ஆடும்போது திணறக் கூடாது, மாமா." கேமரா எப்படி இருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. பிஜிஎம்ஐ என்பது பப்ஜியின் இந்தியப் பதிப்பு; கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயிக்கிற துப்பாக்கிச் சண்டை. அந்த விளையாட்டோடு அவனுக்கு ஒரு வரலாறே உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது எட்டாம் வகுப்பு. பெயர் மாறி அடுத்த ஆண்டு ஜூலையில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து காணாமல் போனபோது அவன் பத்தாம் வகுப்பு. அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். 2023 மே மாதம் திரும்பி வந்தபோது அவன் தேர்வு முடிந்து விடுமுறையில் இருந்தான். பிள்ளையார் கணக்கில் எங்கோ பிசகு.

பெங்களூரில் தேறியது

இரண்டு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை என்றே சொல்லலாம். சிப், ராம், திரையின் புதுப்பிப்பு வேகம், தொடுதலை நொடிக்கு எத்தனை முறை கவனிக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றினேன். கடைக்காரர் "8 ஜிபியோடு இன்னொரு 8, மொத்தம் 16 ஜிபி ராம், சார்" என்று ஒரு போனைக் கையில் திணித்தபோது, அந்த இன்னொரு 8 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது, ராமின் வேகம் அதற்கு வராது என்று அவருக்கே வகுப்பு எடுத்தேன். அப்படிப்பட்டவன் ஏமாறுவேனா? அந்த விலையில், போனின் வேகத்தை அளக்கும் அன்டுடு செயலியின் மதிப்பெண் எதற்கு அதிகமோ அதையே வாங்கினேன். 90 ஃபிரேம் வரும் என்று எல்லா விமர்சகர்களும் சத்தியம் செய்திருந்தார்கள். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி நொடி. 90 என்றால் 11.1. எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டும் அந்தக் கணத்தில் இந்த ஐந்தரை மில்லி நொடி எவ்வளவு பெரியது என்று மருமகனுக்குப் படம் வரைந்து அனுப்பினேன். அவன் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினான்.

பெங்களூர் வீட்டில், ஜனவரியில், ஓரிரு நாள் நானே அதை ஆட்டிப் பார்த்தேன். த்ரீடி மார்க் செயலியில் கசக்கிப் பிழியும் சோதனை ஒன்று உண்டு. ஒரே காட்சியை ஒவ்வொரு நிமிடமாக 20 சுற்று ஓட்டி, சிறந்த சுற்றில் வந்த வேகத்தில் எவ்வளவு மோசமான சுற்றில் மிஞ்சுகிறது என்று சதவீதத்தில் சொல்லும். 84 வந்தது. வெளியே சால்வை போர்த்திக்கொண்டு நடக்கிற குளிர். எனக்கு அது உறைக்கவே இல்லை. பொங்கலுக்கு வேலூர் போனபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியைக்கூடப் பிரிக்க விடாமல் அக்கா அதைப் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள். தேர்வு முடியும்வரை சாவி அவள் இடுப்பில். கடையில் மாற்றித் தரும் ஏழு நாள் கெடு, நாப்தலின் உருண்டை வாசத்திலேயே கழிந்தது.

இருபத்து மூன்றாவது நிமிடம்

மே மாதம், கத்திரி நடுவில், மறுபடி போனேன். வேலூரை வெயிலூர் என்று சொல்வது கேலிக்காக என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அக்கா வீட்டு மாடி அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தால் தெரியும். மேலே கான்கிரீட் தளம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது ராத்திரி பத்து, பதினொன்று வரை கணக்குத் தீர்த்துக் கீழே இறக்கும். மின்விசிறி சுற்றினால் அந்தச் சூடுதான் தலைமேல் விழும். சுவர்க்கடிகாரத்தில் வெப்பநிலை காட்டும் சின்னக் கட்டம் ஒன்று இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு 36.

மருமகன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். போனின் பேக் கவர் கழற்றிக் கிடந்தது. மேசை விசிறி அவன் முகத்துக்கு இல்லாமல் கைகளுக்கு நேராகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கேரம் போர்டு பவுடர் டப்பா. வியர்த்த கட்டைவிரல் திரையில் ஒட்டாமல் வழுக்குவதற்காம். இன்னொரு பக்கம் மூன்று எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. சாப்பிட்டுவிட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

ஆட்டம் எராங்கல் வரைபடத்தில். எட்டுக்கு எட்டு கிலோமீட்டர், நூறு பேர். உயிரோடு நிற்கக்கூடிய வட்டம் சுருங்கிக்கொண்டே வரும்; கடைசி வட்டம் சுருங்கி முடிய ஏறக்குறைய அரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் நான் வாங்கிக் கொடுத்த போன் நான் சொன்னபடியே ஓடியது. நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். பதினைந்தாவது நிமிடத்துக்கு மேல் அவன் தலையை முன்னால் நீட்டி ஆட ஆரம்பித்தான். பிறகுதான் கவனித்தேன், திரை மங்கியிருந்தது. சூடு ஏறியதும் போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. அவன் அப்போது இருந்தது ஒரு கட்டடத்தின் இருட்டுப் படிக்கட்டில். இருபத்து மூன்றாவது நிமிடம். உயிரோடு இருந்தவர்கள் ஒன்பது பேர். துப்பாக்கியைத் திருப்பினான், காட்சி திரும்பவில்லை. ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு எட்டு சேர்த்துத் தாவியது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் எதிர்பார்த்தது கோபத்தை. பதினேழு வயதுப் பையன் போனைத் தூக்கி எறிந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. அவன் நிதானமாகப் போனின் முதுகைத் துடைத்து, முதல் தட்டின்மேல் வைத்தான். அரை நிமிடம். தட்டு சுட்டதும் போனை இரண்டாவது தட்டுக்கு மாற்றினான். பிறகு மூன்றாவது. பரோட்டாக் கல்லில் திருப்பிப் போடுகிறவரின் கைப்பழக்கம். கீழேயிருந்து அக்கா, "டேய், சோறு போடத் தட்டு எங்கேடா?" என்று குரல் கொடுத்தாள். "ஐந்து நிமிடம், அம்மா" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஆறுதல் சொல்வதைப்போல, "உங்கள்மேல் தப்பில்லை, மாமா. இது பெங்களூர்ப் போன்" என்றான்.

அன்று இரவு மொட்டைமாடியில் பாயை விரித்துக்கொண்டு அதையேதான் யோசித்தேன். விளையாட்டுக்குப் போன் தேடுகிற நாங்கள் எல்லோரும் பார்ப்பது முதல் ஐந்து நிமிடத்தை. கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது ஐந்து நிமிடம், மதிப்பெண் போடும் செயலி ஓடுவதும் சில நிமிடம். ஆட்டத்தின் தலையெழுத்து எழுதப்படுவதோ இருபதாவது நிமிடத்துக்கு மேல். போன் களைக்கிற நேரமும் கடைசி வட்டம் சுருங்குகிற நேரமும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக வருகின்றன. நூறு பேரில் தொண்ணூறு பேரை ஜெயித்துவிட்டு, பிறகு சொந்தப் போனிடம் தோற்கிறான் பையன்.

மறுநாள் மத்தியானம், மெனக்கெட்டு, அதே சோதனையை அதே அறையில் ஓட்டினேன். 58 சதவீதம். போன் அதே போன்தான்.

டம்ளரும் டபராவும்

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. போனுக்குள் விசிறி கிடையாது. சிப் உண்டாக்கும் சூடு கண்ணாடி வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் காற்றில் கலந்தாக வேண்டும். கையில் பிடிக்கிற பொருள் என்பதால் மேற்பரப்பை ஓர் அளவுக்குமேல் சுட விட மாட்டார்கள். 43 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அறை 24 டிகிரி என்றால் வித்தியாசம் 19. அறை 36 என்றால் 7. வெளியேறக்கூடிய சூடு ஏறக்குறைய இந்த வித்தியாசத்தின் விகிதத்தில்தான் இருக்கும். அதாவது வேலூர் அறையில் என் போன் பெங்களூரில் மூச்சு விட்டதில் பாதிகூட விட முடியாது. மூச்சு முட்டினால் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு அப்படித்தான் உத்தரவு. ஐபோனையும் ஐபேடையும் 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. வேலூர், திருத்தணி, மதுரைக்காரர்கள் மே மாதத்தில் என்ன செய்வது என்று அதில் இல்லை. "வேப்பர் சேம்பர்" என்று விளம்பரத்தில் வருவதும் சூட்டை ஓரிடத்தில் குவிய விடாமல் முதுகு முழுக்கப் பரப்பிவிடும், அவ்வளவுதான். பரப்பிய சூட்டை வாங்கிக்கொள்ள வெளியே குளிர்ந்த காற்று வேண்டும்.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2022-இல் நடந்த இரண்டு சங்கதிகளை நானே அலுவலகத்தில் அலசியிருக்கிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் சாம்சங் கேலக்சி எஸ் வரிசைப் போன்கள் பலவற்றை, வேகத்துக்கு மதிப்பெண் போடும் கீக்பெஞ்ச் செயலி தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. சூட்டைக் கட்டுப்படுத்த விளையாட்டுகளின் வேகத்தைக் குறைத்த, அந்தப் போன்களில் இருந்த ஒரு சேவை, மதிப்பெண் போடும் செயலியை மட்டும் குறைக்காமல் விட்டிருந்தது. இரண்டாவது, குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப். சாம்சங் ஆலையில் செய்த அந்தச் சிப் சூடாகிறது என்று ஊரே பேசியது. சில மாதத்தில் குவால்காம் அதைத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றி, பெயரில் ஒரு பிளஸ் சேர்த்து வெளியிட்டது. ஏறக்குறைய அதே வடிவமைப்புதான், ஆனால் மின்சாரம் குறைவாகக் குடித்தது, வெகுநேரம் தாக்குப்பிடித்தது. எவ்வளவு வேகம் என்பதைவிட எவ்வளவு மின்சாரத்தில் அந்த வேகம் என்பதுதான் கேள்வி என்று நண்பர்களிடம் பேசியவன் நான்தான். அக்கா பணம் அனுப்பியதும் எல்லாம் மறந்து, பெரிய எண் எங்கே இருக்கிறதோ அங்கே விழுந்தேன்.

மறுநாள் பரிகாரம் தேடினேன். வேகத்தை 90-இலிருந்து "எக்ஸ்ட்ரீம்" என்கிற 60-க்கு இறக்கி, காட்சித் தரத்தை "ஸ்மூத்" ஆக்கச் சொன்னேன். அலைபாயும் 90-ஐவிட அசையாத 60 மேல். இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக நான் சொல்ல, "அது வைத்து மூன்று வாரம் ஆகிறது, மாமா" என்றான். அதாவது முந்தின ராத்திரி நான் பார்த்ததே 60. அதற்கும் மூச்சு வாங்கியிருக்கிறது. படம் வரைந்து விளக்கினேனே, அந்த ஐந்தரை மில்லி நொடி, ஏப்ரல் மாதமே செத்துப்போயிருந்தது. முதுகில் கவ்வும் குளிர்விப்பான் வாங்கித் தருகிறேன் என்றேன். அதன் கம்பி தொங்கினால் கையைச் சாய்த்துக் குறிபார்க்க முடியாது என்றான். அவன் நண்பன் ஒருவன் போனை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து விளையாடுகிறானாம். அதை மட்டும் கனவிலும் செய்யாதே, உள்ளே நீர் பூத்துவிடும் என்று அதட்டினேன். மாமா என்ற பதவிக்கு அன்று மிச்சமிருந்த ஒரே உபயோகம் அது.

பிறகு டேப்லெட் யோசனை வந்தது. காட்பாடியில் இருக்கும் என் கல்லூரி நண்பனிடம் பதினோரு அங்குல டேப்லெட் ஒன்று இருந்தது. இரண்டு நாளுக்கு இரவல் வாங்கினேன். இதன் நியாயம் நம் வீட்டுக் காப்பியில் இருக்கிறது. டம்ளரில் இருக்கும் காப்பி ஆற நேரமாகும். டபராவில் ஊற்றினால் உடனே ஆறும். காப்பி அதேதான், பரப்புதான் பெரியது. போன் டம்ளர் என்றால் டேப்லெட் டபரா. அதே அறையில், அதே ஒன்பது மணிக்கு, அரை மணி ஆட்டத்துக்குப் பிறகும் டேப்லெட்டின் முதுகு வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. திரை மங்கவில்லை. அகலத்தோடு ஒப்பிட்டால் டேப்லெட் திரையின் உயரம் போனைவிடக் கூடுதல்; அதனால் ஆட்டத்தில் மேலும் கீழும் கூடுதலாகத் தெரியும். இந்தப் பையன்கள் அதை "ஐபேட் வியூ" என்று பொறாமையோடு சொல்வார்கள்.

நான் வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்திருக்க, அவன் டேப்லெட்டோடு மல்லுக்கட்டினான். போன் 200 கிராம். இது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கட்டைவிரலால் நடுத்திரையை எட்ட முடியவில்லை. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் சாய்த்தான், பிறகு குப்புறப் படுத்தான், பிறகு சுவரில் முட்டுக்கொடுத்தான். சுடும்போது துப்பாக்கி மேலே தூக்குவதை அவன் அடக்குவது போனை மணிக்கட்டால் மெல்லச் சாய்த்து. அரைக் கிலோவை அரை மணி நேரம் அப்படிச் சாய்ப்பது தண்டால் எடுப்பதற்குச் சமம். (விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் சாய்வை உணரும் ஜைரோஸ்கோப்பே இருப்பதில்லை. வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.) மேசையில் வைத்து நான்கு விரலால் ஆடப் பழகியவர்களுக்கு டேப்லெட் வரம். இவன் ஐந்து வருடம் கையில் பிடித்தே பழகியவன். இரண்டாம் நாள் சாயங்காலம், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே திருப்பிக் கொடுத்தான்.

போனை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்று கடையில் விசாரித்தேன். நான்கு மாதப் போனுக்குப் பதினெட்டாயிரம் என்றார்கள். அக்காவிடம் அந்த எண்ணை நான் சொல்லவில்லை. இன்றுவரை.

நாலரை மணி அலாரம்

ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். குரலில் புகாரா பெருமையா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று. பையன் விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறானாம். பள்ளி நாட்களில் ஏழு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் புரண்டு படுத்தவன்.

விளையாட்டு திரும்பி வந்தபோது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று வரம்பு வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்தை எப்போது செலவழித்தால் லாபம் என்று அவன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். கடிகாரத்தின் சின்னக் கட்டத்தை மணிக்கொரு தரம் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் குறித்தானாம். ராத்திரி ஒன்பதுக்கு 36, பதினொன்றுக்கு 34, விடிகாலை ஐந்துக்கு 29. தளம் ராத்திரியெல்லாம் வெந்து ஆறி, வெயில் மறுபடி ஏறும்வரைக்கும் இருக்கிற அந்த இடைவெளியைப் பிடித்துவிட்டான். அந்த நேரத்தில் வீட்டு வைஃபையும் அவனுக்கு மட்டும்தான். நான் எக்செல் தாளில் போட்ட நாற்பது வரியில் இல்லாத ஒரு வரி அது.

"ஐந்தரைக்குப் பால்காரருக்குக் கதவைத் திறப்பதே இவன்தான், தம்பி" என்றாள் அக்கா. "ஒரு காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டே பாத்திரத்தை நீட்டுகிறான். அவர் என்னிடம், பையன் நீட் தேர்வுக்குப் படிக்கிறானா என்று கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஆமாம் என்றேன்."

போனை அவனிடம் கொடுத்தாள். விடிகாலையில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று கேட்டேன். "தொண்ணூறில் வைத்திருக்கிறேன், மாமா. ஏழு மணிவரை நிற்கிறது" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தட்டையெல்லாம் கீழே கொடுத்துவிட்டேன்" என்றான்.